துடைப்பக்கட்டையும் கையின் பதற்றமும்

"சித்தப்பா, இந்தக் குச்சி சொன்ன பேச்சு கேக்கவே மாட்டேங்குது" என்றான் அண்ணன் மகன். உழவர்கரையில் எங்கள் வீட்டு மாடியறை. கணினித் திரையில் அவன் ஓட்டிய சிறு விமானம் லாஸ்பேட்டை ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நிஜமான லாஸ்பேட்டை விமான நிலையமும் எங்கள் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள்தான் இருக்கிறது. ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்.

விமானத்தின் மூக்கு சற்று உயர்ந்தது. அவன் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினான். மூக்கு கீழே குத்தியது. பதறி இழுத்தான். முன்பைவிட மேலே எம்பியது. நான்காவது ஆட்டத்தில் தரையில் மோதி நின்றது.

"சென்சிட்டிவிட்டிய கொறச்சுப் பாருடா."

"எவ்ளோ கொறைக்கணும்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு விடை தேடி நிஜ விமானங்களே விழுந்திருக்கின்றன.

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சொல்தா தாத்தா ஒருவர் இருந்தார். விமானி பிடிக்கும் குச்சிக்குப் பிரெஞ்சில் 'மான்ஷ் அ பலே' என்று பெயர், அதாவது துடைப்பக்கட்டை என்று சொல்லிச் சிரிப்பார். பெயர் பிரெஞ்சில் இருப்பதும் பொருத்தம்தான். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் விமானி குப்புறப் படுத்து, இடுப்பை அசைத்து இறக்கைகளை முறுக்கினார். மேலே கீழே போக கையில் தனியாக ஒரு நெம்புகோல். இவற்றை ஒரே குச்சிக்குள் கொண்டுவந்த முன்னோடியாகப் பலரும் சொல்வது ரொபேர் எஸ்னோ-பெல்த்ரி என்ற பிரெஞ்சுக்காரரை. அவருடைய விமானம் பறந்தது 1907-இல். அடுத்த ஆண்டுகளில் லூயி ப்ளேரியோவின் விமானங்களில், கையில் குச்சி, காலில் மிதி என்ற இன்றைய ஏற்பாடு நிலைத்தது.

அந்தக் காலத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று தனியாக ஒன்று கிடையாது. குச்சியிலிருந்து வால் வரை கம்பி ஓடியது. வேகம் கூடினால் காற்றும் கூடுதலாக எதிர்த்துத் தள்ளும், குச்சி கெட்டிப்படும். எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் காற்றே விமானியின் கைக்குச் சொல்லிக்கொடுத்தது.

கணினி நடுவில் வந்ததும் அந்தப் பேச்சு அறுந்தது. குச்சி இப்போது மின்சமிக்ஞை மட்டுமே அனுப்புகிறது. கை ஒரு பங்கு அசைந்தால் இறக்கை எத்தனை பங்கு அசையவேண்டும் என்பதைப் பொறியாளர் எழுதிவைக்கவேண்டும். எழுதியது தப்பானால் என்ன ஆகும் என்பது 1974 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் தளத்தில் தெரிந்தது. எஃப்-16 போர்விமானத்தின் முன்மாதிரியைத் தரையிலேயே வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனை. அதன் குச்சி அசையவே அசையாது, கை கொடுக்கும் அழுத்தத்தை மட்டும் அளக்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கான உணர்திறனை அதிகமாக வைத்திருந்தார்கள். விமானம் இடமும் வலமும் ஊசலாட ஆரம்பித்தது. விமானி ஃபில் ஓஸ்ட்ரிச்சர் திருத்தத் திருத்த ஆட்டம் கூடியது. ஓடுபாதையை விட்டு விலகுவதற்குள் மேலே கிளப்பிவிடுவதே மேல் என்று முடிவெடுத்தார். திட்டமிடாத அந்த முதல் பறத்தல் ஆறு நிமிடம் நீடித்து, பத்திரமாக முடிந்தது. பிறகு உணர்திறனைக் குறைத்தார்கள். பிற்பாடு குச்சிக்கும் சிறிதளவு அசைவு கொடுத்தார்கள், கைக்கு ஏதாவது தெரியவேண்டும் அல்லவா.

குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்போம். ஸ்வீடனின் கிரிப்பன் அப்படி இல்லை என்று காட்டியது. 1989 பிப்ரவரி 2 அன்று லின்ஷோப்பிங்கில் தரையிறங்கும்போது முதல் முன்மாதிரி ஊசலாடிக் கவிழ்ந்தது. விமானி லார்ஸ் ரோடெஸ்ட்ரோம் பிழைத்தார். 1993 ஆகஸ்ட் 8 அன்று ஸ்டாக்ஹோம் விழாவில் கூட்டத்தின் கண்ணெதிரே இன்னொரு கிரிப்பன் விழுந்தது. அதே விமானி, இம்முறை குதித்துத் தப்பினார். குச்சியை வேகமாக அங்குமிங்கும் அசைத்தபோது இறக்கைப் பரப்புகளால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கை சொன்னது தாமதமாக நடந்தது. நடக்கவில்லையே என்று கை மேலும் இழுக்கும். முதலில் சொன்னது அப்போதுதான் வந்து சேரும். உணர்திறனும் தாமதமும் சேர்ந்தால்தான் ஆபத்து.

நம் தேஜஸ் இந்த விபத்துகளின் நிழலில் வளர்ந்தது. அதுவும் கணினி இல்லாமல் நிலையாகப் பறக்கமுடியாத வடிவம். கட்டுப்பாட்டு விதிகளை எழுத பெங்களூரு என்ஏஎல் ஆய்வகத்தில் 1992-இல் ஒரு தேசியக் குழு அமைந்தது. சோதனை விமானிகள் தரையிலிருந்த சிமுலேட்டர்களில் உட்கார்ந்து 'இங்கே கூர்மை அதிகம், இங்கே மந்தம்' என்று சொல்லச்சொல்ல எண்களைத் திருத்தினார்கள். 1996-இல் அமெரிக்காவில், வேறு விமானத்தைப்போல நடிக்கக்கூடிய ஒரு எஃப்-16-இல் அவ்விதிகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் தடைகள் வந்தன, கூட்டுவேலை நின்றது. மிச்சத்தை இங்கேயே முடிக்கவேண்டியிருந்தது. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் அதை மேலே கிளப்பினார். பதினெட்டு நிமிடத்தில் அலுங்காமல் இறங்கியது. அந்த அலுங்காமையைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

அண்ணன் மகனிடம் சுருக்கமாக இவ்வளவும் சொன்னேன். பிறகு இருவரும் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். மொத்த உணர்திறனைக் குறைக்கவில்லை, கோட்டை வளைத்தோம். குச்சியை 20 சதவீதம் சாய்த்தால் விமானத்துக்குப் போவது 10 சதவீதம். பாதி சாய்த்தால் ஏறக்குறைய 31. முழுக்கச் சாய்த்தால் முழுதாக 100. நடுவில் மென்மை, ஓரத்தில் பலம். அசைத்தாலும் எதுவும் நடக்காத நடுப்பகுதியை, டெட் ஸோனை, அவன் முன்பு தாராளமாக வைத்திருந்தான். "நடுக்கம் போகட்டும்னு வெச்சேன் சித்தப்பா." கை தவறு செய்யாமலிருக்க வைத்த இடமே கையைத் தாமதப்படுத்துகிறது என்றேன். ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவந்தான்.

மறுபடி லாஸ்பேட்டை. மூக்கு உயர்ந்தது. இழுக்கப்போன கையை நிறுத்தி ஒரு கணம் காத்திருந்தான். அது தானாகவே தணிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது, ஒருமுறை துள்ளி அடங்கியது.

"எறக்கிட்டேன்" என்றான், குச்சியை இன்னும் விடாமல்.