ஆவாரம் பட்டையும் பாலாற்று மண்ணும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வரப்பிலும் மேட்டாங்காட்டிலும் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாலு கொத்து ஒடிப்போம். மற்ற நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் நம் வட்டாரத்துத் தோல் தொழில் பல காலம் இதன் பட்டையை நம்பித்தான் நடந்தது.

தாவர நூலார் ஆவாரையைச் சென்னா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். தகரை, பேயாவரை, நிலவாகை, சீமையகத்தி எல்லாம் இதன் பங்காளிகள், பூவும் மஞ்சள்தான். இலைக்காம்பின் அடியில் காது மடல் மாதிரி சிற்றிலை இருந்தால் அது ஆவாரை. தோல் ஷாப்புக்கு வேண்டியது இதன் பட்டை. அதில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு துவர்ப்புச் சத்து.

கிளையை வெட்டி, தடியால் தட்டி, பட்டையை உரித்துக் காயவைப்பார்கள். சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிர் நீக்கின தோலைப் பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவார்கள். அந்தத் தோல் கப்பலேறி லண்டன் போயிற்று. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கும் அது மேல்தோலாயிற்று. இத்தனைக்கும் நட்டவரும் இல்லை, தண்ணீர் விட்டவரும் இல்லை!

அப்புறம் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. ஆவாரைக்குக் கிராக்கி குறைந்தது. பிறகு குரோமியம் உப்பு. வாரக்கணக்கான வேலை டிரம்முக்குள் ஓரிரு நாளில் முடிந்தது. 1973-க்குப் பின் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தவும், குரோம் பதனீடு பெருகிற்று. கழிவு எங்கே போயிற்று? பாலாற்றுக்கும் நம் கிணற்றுக்கும்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்ததில், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. 28-8-1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கையே எடுத்துக் காட்டி, தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது.

பட்டைக் காலத்தில் மட்டும் தண்ணீர் சுத்தமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, உப்பும் சுண்ணாம்பும் அப்போதும் ஓடின. ஆனால் குரோமியம் இல்லை.

வரப்பு ஆவாரையைக் களை என்று வேரோடு பிடுங்காதீர்கள். வறட்சியிலும் நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நடவுக்கு முன் தழையை வெட்டிச் சேற்றில் மிதித்தால் நெல்லுக்கு நல்ல தழையுரம். வெட்டும்போது அடிக்கட்டையை விட்டு வெட்டுங்கள், மறுபடி துளிர்க்கும்.