சிரிக்கவும் அனுமதிச் சீட்டு!

நகைச்சுவையை விரும்பாதார் எவரும் இலர். ஆனால், எத்தகைய நகைச்சுவை வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரிடமிருந்து பத்து விடைகள் வரும். ஒருவருக்குச் சாட்டையடி போன்ற எள்ளல் வேண்டும். பெயரைச் சொல்லி, முகத்துக்கு நேரே, தோல் உரியும்படி சாடினால்தான் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். மற்றொருவருக்கு அது செவியில் ஊற்றிய ஈயம்! குழந்தை குட்டிகளுடன் உட்கார்ந்து, எவர் மனமும் புண்படாமல் சிரித்து மகிழ்ந்து வீடு திரும்ப வேண்டும் என்பார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியம், எள்ளலை முதலில் வைத்தது. அதனோடு இளமையையும், பேதைமையையும், மடனையும் சேர்த்தே வைத்தது. குத்தும் சிரிப்பும் உண்டு, குத்தாத சிரிப்பும் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சுவை வேறுபடுவதால் கேடு எதுவும் இல்லை. பாகற்காய் விரும்புவோனும் பால்பாயசம் விரும்புவோனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம். “எனக்குக் கசப்பது எவன் இலையிலும் விழக்கூடாது” என்று ஒருவன் எழுந்து நிற்பதும், அவன் கையில் அரசாங்க முத்திரையும் இருப்பதுமே கேடு. நாம் கற்பனை பேசவில்லை. பாராளுமன்றங்களின் தாயகம் என்று போற்றப்படும் இங்கிலாந்திலே, 1737 முதல் 1968 வரை, 231 ஆண்டுகள் இது நடந்தது. கசப்பை அடக்குவதற்கென்று செய்த சட்டம், கடைசியில் இனிப்பையும் விலங்கிட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காண்கிறோம்.

1728 ஜனவரி 29. இலண்டன் மாநகரில், ஜான் கே என்பார் எழுதிய ‘பிச்சைக்காரனின் இசை நாடகம்’ அரங்கேறியது. மேடைக்கு வந்தோர் மன்னரல்லர், மாவீரரல்லர். வழிப்பறிக்காரன், திருட்டுப் பொருளை வாங்கி விற்பவன், சிறைக்காவலன், விலைமாதர்! கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே, திருடர்களைக் காட்டித் தலைமை அமைச்சர் இராபர்ட் வால்போலின் ஆட்சியையே சாடுகிறார் என்பதையும் புரிந்துகொண்டது. பதவியும் பணமும் வாரி வழங்கி உறுப்பினர்களைத் தம் பக்கம் வைத்திருந்தார் என்று ஊரெல்லாம் பேசப்பட்டவர் வால்போல். அந்த ஒரு பருவத்தில் மட்டும் 62 முறை நாடகம் நடந்தது. அடுத்த நாடகத்தைக் கே எழுதி முடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அதற்குத் தடை விழுந்தது.

கே ஒதுங்கினார், ஹென்றி பீல்டிங் வந்தார். இளைஞர், துடுக்கானவர், எழுத்திலே நெருப்பை வைத்திருந்தவர். 1737இல் அவர் நடத்திய ‘வரலாற்றுப் பதிவேடு’ என்ற நாடகத்திலே ஒரு காட்சி: நாட்டுப்பற்று பேசும் நால்வருக்கு ஒருவன் பொற்காசு தருகிறான். உடனே அவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். அவன் பிடில் வாசிக்கிறான், அவர்கள் ஆடுகிறார்கள். ஆட ஆட, சட்டைப்பையின் ஓட்டை வழியே காசு கீழே உதிர்கிறது. கொடுத்தவனே அதைப் பொறுக்கித் தன் பையிலே போட்டுக்கொள்கிறான்! எவரைக் குறிக்கிறது என்று விளக்கவும் வேண்டுமா? அரங்கிலே அமர்ந்திருந்தவர்களுக்கு விளங்கிற்று, அமைச்சருக்கும் விளங்கிற்று.

வால்போல் ஒரு கையெழுத்துப் படியுடன் மக்கள் மன்றத்திலே தோன்றினார். மன்னரையே அருவருப்பான முறையில் இழித்துரைத்த நாடகம் அது. அதிலிருந்து சில பகுதிகளைப் படித்துக் காட்டினார், “பாரீர், பாரீர், நாடக மேடை எத்துணைக் கீழ்நிலைக்குச் சென்றுவிட்டது!” என்பதுதான் அதன் உட்பொருள். அந்த நாடகம் எந்த மேடையிலும் நடைபெற்றதில்லை. எழுதியவர் எவர் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அந்தப் படியும் கிடைக்கவில்லை. சட்டம் கொண்டுவருவதற்காக அமைச்சர் தரப்பே அதை எழுதச் சொல்லியிருக்கும் என்ற ஐயம் அன்றே எழுந்தது. காசு உதிர்ந்த காட்சியால் சட்டம் வந்தது என்று சொல்லிக்கொள்ள முடியுமா? ஆகவே ஆபாசம் காரணம் என்று சொல்லப்பட்டது! இன்னலுக்கு உள்ளான ஆட்சியாளன் ‘ஒழுக்கம்’ என்ற போர்வையைத் தேடுவது புதுப் பழக்கமன்று.

1737 ஜூன் 21இல் சட்டம் ஒப்புதல் பெற்றது. இனி எந்த நாடகமானாலும், மேடையேறுவதற்குப் பதினான்கு நாட்களுக்கு முன்பே அதன் படி லார்டு சேம்பர்லேன் என்னும் அதிகாரியிடம் சென்றாக வேண்டும். இவர் அரண்மனைக் காரியங்களைக் கவனிப்பவர்; விருந்துக்கு எவர் வருவது, எவர் எங்கே அமர்வது என்று பார்ப்பவர். நாட்டு மக்கள் எதற்குச் சிரிக்கலாம் என்பதையும் இனி அவரே முடிவு செய்வார்! பிரபுக்கள் சபையிலே செஸ்டர்பீல்டு பிரபு எதிர்த்து வாதாடினார். எவரையேனும் இழிவுபடுத்தினால் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது, பேசுமுன்பே வாயைக் கட்டும் அதிகாரத்தைத் தனி ஒருவரிடம் தருவானேன் என்பது அவர் வாதம். வாதம் நின்றது; வாக்கு வேறு பக்கம் போயிற்று. பீல்டிங் மேடையை விட்டு வெளியேறிச் சட்டம் படித்தார். பின்னர் ‘டாம் ஜோன்ஸ்’ எழுதி நாவல் உலகின் முன்னோடிகளிலே ஒருவரானார். நாடக மேடை இழந்ததை நாவல் பெற்றது.

சட்டம் வந்ததால் மேடை தூய்மை அடைந்ததா? சாமுவேல் ஃபுட் என்ற நடிகரைப் பார்ப்போம். வாழும் மனிதரை அப்படியே நடித்துக் காட்டுவதிலே கைதேர்ந்தவர். 1747இல் அவருக்கு அனுமதி இல்லை. என்ன செய்தார்? நண்பர்களைச் சாக்கலேட்டு பானம் அருந்த அழைப்பதாக விளம்பரம் செய்தார்! வந்தவர் கட்டணம் செலுத்தினர். பானம் வரும் வரையில் நடிப்பு நடந்தது. சட்டத்தின் கண்ணிலே மண்ணைத் தூவியதைக் கேட்கும்போது நமக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

ஆனால், அதே ஃபுட் 1762இல் செய்ததைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். டப்ளின் நகர அச்சகத்தார் ஜார்ஜ் பாக்னர், ஒரு காலை இழந்து மரக்காலுடன் நடந்தவர். அவரைப் போலவே நொண்டி நடந்து, மேடையிலே கேலிப்பொருளாக்கினார் ஃபுட். பாக்னர் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகள் சென்றன. 1766இல் குதிரையிலிருந்து விழுந்தார் ஃபுட். அவருடைய காலையும் வெட்டி எடுத்தனர்! இதைத் தெய்வத்தின் தண்டனை என்று கதை கட்டுவோர் கட்டட்டும். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். குதிரைக்குக் கணக்கும் தெரியாது, பழியும் தெரியாது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அமைச்சரின் கையூட்டை எள்ளியதும் கேலி, மரக்காலை எள்ளியதும் கேலி. முன்னது, ஓங்கிய கையைப் பார்த்து எழுந்த சிரிப்பு. பின்னது, ஊன்றுகோலைத் தட்டிவிட்ட சிரிப்பு. இரண்டும் காரந்தான்; இரண்டும் ஒன்றல்ல. அமைச்சருக்காகச் சட்டம் ஓடோடி வந்தது. மரக்காலைக் காக்க அது வரவில்லை. பாக்னர் தாமே நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

1843இல் சட்டத்தைப் புதுப்பித்தனர். நல்லொழுக்கம், நாகரிகம், பொது அமைதி ஆகியவற்றைக் காக்கத் தடை விதிக்கலாம் என்றனர். கேட்பதற்கு இனிய சொற்கள்! அவற்றின் நடைமுறை எப்படி? கில்பர்ட், சல்லிவன் இருவரும் படைத்த ‘மிக்காடோ’ 1885 முதல் ஆடப்பட்டு வந்த இசை நாடகம். குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்று பெயர் பெற்றது. ஜப்பானிய இளவரசர் வருகிறார் என்பதற்காக 1907இல் அதற்கும் திடீர்த் தடை! விருந்தினர் ஊர் திரும்பிய பிறகு, நாடகமும் மேடைக்குத் திரும்பியது. கப்பல் வரும் நாள் பார்த்து மாறுவது ஒழுக்கமா, உபசாரமா?

இனி, இந்த வரலாற்றின் வேடிக்கையான கட்டத்துக்கு வருகிறோம். நகைச்சுவையிலே ஒரு வகை உண்டு. எழுதிவைத்த உரையாடல் இல்லாமல், அந்த நேரத்தில் தோன்றியதை அப்படியே நடிப்பது. ஆசுகவி, கொடுத்த ஈற்றடிக்கு உடனே பாட்டுக் கட்டுவது போல, பார்வையாளர் ஒரு சொல்லைத் தருவார். நடிகர் இருவர் அதை வைத்து ஒரு காட்சியைக் கட்டுவர். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்றுக்கொண்டு மேலே நடத்த வேண்டும்; தட்டிவிட்டால் ஆட்டம் முறிந்துவிடும். ஆகவே, இதன் இயல்பிலேயே ஒரு நட்பு இருக்கிறது. எவரையும் ஏசாமலே அரங்கைக் குலுங்க வைக்கலாம்.

இந்தக் கள்ளமற்ற ஆட்டத்தைச் சட்டம் என்ன செய்தது? முன்கூட்டியே படி கொடு என்றது! எழுதாத நாடகத்துக்குப் படி ஏது? படி இல்லையேல் அனுமதி இல்லை. அனுமதி இல்லையேல் குற்றம்! கிழக்கு இலண்டனில் ஜோன் லிட்டில்வுட் அம்மையார் நடத்திய நாடகக் குழு, கட்டடத் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் நாடகம் ஒன்றை ஆடியது. கொத்தனார்கள் வேலைத்தளத்திலே எப்படி நாளுக்கொரு விதமாகப் பேசுவார்களோ, அப்படியே நடிகர்களும் இரவுக்கொரு விதமாகப் பேசினர். அதிகாரியின் ஆட்கள் அரங்கிலே அமர்ந்து குறிப்பெடுத்தனர். அனுமதி பெற்ற படியிலே இல்லாத சொற்களைப் பேசியதற்காக 1958இல் வழக்கு, அபராதம்! அபராதத் தொகை சிறிதுதான். ஆயினும், தொழிலாளி தன் வாயில் வந்ததைப் பேசுவதாக மேடையிலே காட்டியதே குற்றம் என்று எழுதப்பட்ட தீர்ப்பு சிறிதன்று.

அதே காலத்தில், ராயல் கோர்ட் அரங்கிலே கீத் ஜான்ஸ்டன் என்ற ஆசிரியர் இத்தகைய ஆட்டத்தை வளர்த்து வந்தார். அதைப் பொதுமக்கள்முன் நாடகமாக நடத்த வழியில்லை. ‘வகுப்பு’ என்ற பெயரிலே காட்ட வேண்டியிருந்தது. ஃபுட் சாக்கலேட்டு தந்தார். ஜான்ஸ்டன் பாடம் தந்தார்! கசப்பான எள்ளலும் இப்படியே முக்காடு தேடிற்று. 1961இல் இலண்டன் சோஹோ பகுதியில் பீட்டர் குக் முதலானோர் தொடங்கிய விடுதி, உறுப்பினர் மட்டுமே வரும் சங்கமாக அமைந்ததால், சட்டத்தின் கைக்கு எட்டவில்லை. 1962இல் அமெரிக்கர் லென்னி புரூஸ் அங்கே பேசினார். கூசவைக்கும் சொற்களை வேண்டுமென்றே ஆண்டவர். சிலர் இரசித்தனர்; சிலர் சினந்து எழுந்து வெளியேறினர். எழுந்து செல்ல அவர்களுக்குக் கால்கள் இருந்தன; அதற்குமேல் காவல் தேவைப்படவில்லை. ஆனால், மறு ஆண்டு அவர் திரும்பி வந்தபோது, அரசு அவரை நாட்டுக்குள்ளேயே விடவில்லை.

வசையாளர் ஒரு பக்கம், வசையே அறியாதார் ஒரு பக்கம் என்று இருவரும் ஒளிந்து வாழ்ந்த அந்த நாட்களில், வெளிச்சத்திலே எது நடந்தது தெரியுமா? வெள்ளையர்கள் முகத்திலே கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல வேடமிட்டு ஆடிப்பாடிய கேளிக்கை, 1962 முதல் இலண்டனின் பெரிய அரங்கொன்றிலே ஆண்டுக்கணக்கில் ஓடிற்று. குடும்பம் குடும்பமாகச் சென்று கண்டனர். நாகரிகத்தைக் காக்க வந்த சட்டத்துக்கு அது நாகரிகக் குறைவாகத் தோன்றவில்லை! ஓர் இனத்தின் நிறத்தையே வேடிக்கையாக்கலாம். கொத்தனார் படியிலே இல்லாத ஒரு வரி பேசக்கூடாது. தணிக்கையாளரின் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இந்தத் தராசு கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. வேல்ஸ் இளவரசரைத் தம் வீட்டு மகளிர் பகுதிக்கே அழைத்து வரவேற்றார் கல்கத்தா வழக்கறிஞர் ஒருவர்; அவரை எள்ளி நகையாடிய நாடகத்தை அடக்கவே, 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் பிறந்தது. வெள்ளையர் சென்ற பிறகும் பழக்கம் செல்லவில்லை. எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் கொண்டு, சென்னை மாநிலத்தில் 1954இல் தனிச் சட்டமே வந்தது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிரிப்பு, தோளிலே கைபோட்டுத் திருத்தும் சிரிப்பு. இராதாவின் சிரிப்பு, கன்னத்திலே அறைந்து எழுப்பும் சிரிப்பு. அன்றன்று ஏட்டிலே வந்த செய்தியையும் அன்றிரவே மேடையிலே சேர்த்துப் பேசுவார் இராதா. எந்தப் படியிலே அதைத் தேடுவது? இருவரையும் தமிழ் மக்கள் ஏற்றனர். ஒருவரைக் கண்டு மற்றவரை வெறுக்கவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

இங்கிலாந்திலே 1968 செப்டம்பர் 26இல் தணிக்கை ஒழிந்தது. வானம் இடிந்து விழவில்லை. சோஹோவிலே 1979இல் ஒரு நகைச்சுவை அரங்கு பிறந்தது. அங்கே வளர்ந்த இளைஞர் பலர், இனத்தையும் பெண்ணையும் இழிவுபடுத்திச் சிரிக்க வைப்பதில்லை என்று தாமே ஒரு நெறி வகுத்துக்கொண்டனர்; ஆள்வோரைச் சாடுவதிலே மட்டும் குறை வைக்கவில்லை. அரண்மனை அதிகாரிக்கு 231 ஆண்டுகள் தோன்றாத நெறி, மேடையேறிய இளைஞர்களுக்குச் சில ஆண்டுகளிலே தோன்றிற்று! அதே அரங்கிலே 1985 முதல், எழுதாமல் ஆடும் குழுவும் இடம்பெற்றது. ஒரு நாள் காரம், ஒரு நாள் இனிப்பு. வேண்டியவர் வேண்டிய நாளிலே சீட்டு வாங்கிக்கொண்டனர்.

எனவே, எந்தச் சிரிப்பு உயர்ந்தது என்று நம்மைக் கேட்போருக்கு நாம் சொல்வது இதுதான். காரமா, இனிப்பா என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. அதிலே நாம் தலையிடவில்லை. எவனை நோக்கிச் சிரிக்கிறோம் என்பதை மட்டும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். காசு பொறுக்குகிறவனைப் பார்த்தா, மரக்கால் ஊன்றுகிறவனைப் பார்த்தா? பிடிக்காத மேடையை விட்டு எழுந்து செல்வோம், கண்டித்து எழுதுவோம், தீங்கு செய்திருப்பின் நீதிமன்றம் செல்வோம். ஆனால், வாய் திறப்பதற்கு முன்பே வாயைக் கட்டும் அதிகாரத்தை எவர் கையிலும் கொடுக்க வேண்டாம். அமைச்சரைக் காக்கப் பின்னிய கயிறு, கொத்தனாராக நடித்தவனின் கழுத்துக்கும் வந்தது என்பதை மறவாதிருப்போம்.