சரக்கும் சமுத்திரமும் – 14: கயிற்றை யார் இழுப்பது?

சென்ற வாரம்: 1982 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் இழுத்து மூடியது. மறு வருஷம் பிப்ரவரியில், அதே கட்டடத்தில் ஜப்பானின் டொயோட்டாவோடு பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து கார் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. கட்டடம் ஜி.எம். கொடுத்தது, நிர்வாகம் டொயோட்டா கையில். வேலைக்கு ஆள்? அந்தக் கேள்வியில் நிறுத்தியிருந்தோம்.

*

பழைய ஃப்ரீமான்ட் தொழிலாளர்களை மறுபடி சேர்ப்பது என்ற பேச்சை எடுத்தாலே டொயோட்டா அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்கியது. அந்தத் தொழிற்சாலை வாங்கி வைத்திருந்த பெயர் அப்படி.

எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வந்திருக்க மாட்டார். கார்களைப் பூட்டும் லைனை ஓட்ட ஆள் போதாத காலைகளில், எதிர்ச்சாரியில் இருந்த மதுக்கடைக்கே போய் ஆள் பிடித்து வந்ததாகப் பழைய ஊழியர்கள் சொல்லியிருக்கிறார்கள். நிர்வாகத்தின் மேல் கோபம் வந்தால், காலி கோக் பாட்டிலைக் கார் கதவுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் அந்தக் காரை ஓட்டும் காலமெல்லாம் உள்ளே ஏதோ கடகடக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. யூனியன் கொடுத்த புகார் மனுக்கள் தீர்ப்பாரில்லாமல் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒன்று மட்டும் மாறாது. லைன் நிற்காது. இன்ஜினைத் தப்பாகப் பொருத்தியிருந்தாலும், ஒரு மாடலின் முன்பக்கத்தை இன்னொரு மாடல் காரில் மாட்டியிருந்தாலும், வண்டி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். லைனை நிறுத்தியவருக்கு வேலை போய்விடும். கோளாறான கார்கள் முற்றத்தில் வரிசை கட்டி நிற்கும். அவற்றைப் பிரித்து மறுபடி பூட்டுவதற்குத் தனியாக ஆட்கள். அன்றைக்கு எத்தனை கார் வெளியே வந்தது என்பதுதான் ஜி.எம். கேட்ட ஒரே கணக்கு.

இப்படிப்பட்ட இடத்துக்கு டொயோட்டா ஏன் வந்தது? வேறு வழி குறைந்துகொண்டே வந்தது. ஜப்பான் கார்கள் அமெரிக்கச் சந்தையைத் தின்கின்றன என்ற கூச்சல் வாஷிங்டன்வரை எட்டியிருந்தது. 1981-இல் ஜப்பான் அரசு, வருஷத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அமெரிக்காவுக்கு அனுப்ப மாட்டோம் என்று தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டது. கப்பலில் அனுப்ப முடியாவிட்டால் அங்கேயே தயாரிக்க வேண்டும். ஹோண்டா 1982 நவம்பரில் ஒஹாயோவில் முதல் காரை இறக்கிவிட்டது. நிஸ்ஸான் டென்னஸ்ஸியில் தொடங்கிக்கொண்டிருந்தது. டொயோட்டா மட்டும் கரையில் நின்றது. அமெரிக்கத் தொழிலாளர்களை வைத்துத் தன் முறையில் கார் செய்ய முடியுமா? தனியாகக் கோடிகளைக் கொட்டிப் பார்ப்பதைவிட, ஒரு கூட்டாளியின் பழைய கட்டடத்தில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்று அது கணக்குப் போட்டது.

ஜி.எம்.முக்கும் ஒரு கணக்கு இருந்தது. சின்னக் கார் செய்து லாபம் பார்க்க அதற்குத் தெரியவில்லை. டொயோட்டாவுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சூட்சுமத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட வேண்டும். உலகின் முதல் பெரிய கார் கம்பெனியும் மூன்றாவது பெரிய கம்பெனியும் கை கோக்கின்றனவே என்று போட்டிக் கம்பெனியான கிரைஸ்லர் கோர்ட்டுக்குப் போனது. சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில்தான் அனுமதி கொடுத்தது. ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

ஆள் விவகாரத்தைத் தீர்க்க, அமெரிக்காவின் முன்னாள் தொழிலாளர் துறை அமைச்சர் வில்லியம் யூசரியை அழைத்துவந்தார்கள். 1983 செப்டம்பரில் உடன்பாடு வந்தது. யூனியனை ஏற்றுக்கொள்ள வேண்டும். பழைய தொழிலாளர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும். பதிலுக்கு யூனியன், இது என் வேலை, அது உன் வேலை என்று டஜன் கணக்கில் பிரிந்து கிடந்த பணி வகைகளை விட்டுக்கொடுத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவாகச் சுருக்கச் சம்மதித்தது.

முதலில் சேர்ந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஃப்ரீமான்ட் ஆட்கள். கோக் பாட்டில் போட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

*

அந்தச் சமயத்தில் வணிகக் கல்லூரிகளில் எல்லோரும் புரட்டிக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைப் பார்த்துவிடுவோம். நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டேட் 1980-இல் வெளியிட்டது. ஐ.பி.எம். கம்பெனிக்கு உலகமெல்லாம் கிளைகள். 40 நாடுகளில் அதன் ஊழியர்கள் நிரப்பிக் கொடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை அலசி, நாட்டுக்கு நாடு பண்பாடு எப்படி வேறுபடுகிறது என்று மதிப்பெண் போட்டார் அவர். ஒரு நாட்டில் தொழில் தொடங்குமுன் அந்த நாட்டை எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு, எண்களில் ஒரு பதில் கிடைத்தது.

தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91; பட்டியலிலேயே முதலிடம். ஜப்பானுக்கு 46. நிச்சயமின்மையைக் கண்டு ஒதுங்கும் போக்கில் ஜப்பானுக்கு 92, அமெரிக்காவுக்கு 46. இந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆருடம் சொன்னால் ஃப்ரீமான்ட் திட்டம் தேறாது. அவரவர் வழியில் போகிற அமெரிக்கர்கள் குழுவாக வேலை செய்வார்களா? ஒரு ஸ்க்ரூவை இன்ன கையால், இன்ன வரிசையில், இத்தனை விநாடியில் முடுக்கு என்றால் கேட்பார்களா?

அதே அட்டவணையில் இன்னொரு வரி உண்டு. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் எவ்வளவு அடங்கிப் போகிறார் என்பதை அளக்கும் வரி. ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40. அதாவது, மேலதிகாரி முன் அதிகம் பணிகிறவர் ஜப்பானியத் தொழிலாளி.

1984-இல் ஃப்ரீமான்ட் ஆட்கள் ஜப்பானுக்கு விமானம் ஏறினார்கள். அங்கே அவர்கள் பார்த்த காட்சி இந்த 54-க்கு நேர் எதிராக இருந்தது.

*

டொயோட்டா நகரத்தில் உள்ள தக்கவோக்கா தொழிற்சாலை. அன்று கரோலா கார் தயாரான இடம். ஃப்ரீமான்ட்டில் குழுத் தலைவர்களாகப் போகிற சுமார் 450 பேர் அணி அணியாக வந்து மூன்று வாரம் தங்கி, ஜப்பானியத் தொழிலாளர்களோடு தோளோடு தோள் நின்று வேலை பழகினார்கள்.

லைனின் ஓரமாக, தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடியது. கடைநிலைத் தொழிலாளி ஒருவரால் போல்ட்டைச் சரியாக முடுக்க முடியவில்லை. அவர் கையை நீட்டிக் கயிற்றை இழுத்தார். பாட்டு ஒலித்தது, பலகையில் அவர் இருந்த இடத்தின் எண் எரிந்தது. குழுத் தலைவர் வந்தார். திட்டவில்லை. என்ன சிக்கல் என்று கேட்டு, குனிந்து கை கொடுத்தார். கார் அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் சரியாகிவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகாவிட்டால் நின்றுவிடும்.

ஃப்ரீமான்ட்டில் எந்தத் தொழிலாளிக்கும் கிடைக்காத அதிகாரம், இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தொங்கியது.

பணிந்து போகும் நாட்டில் இது எப்படி முளைத்தது? விடை டொயோட்டா குடும்பத்தின் பழைய தொழிலில் இருக்கிறது. அந்தத் தொழிலைத் தொடங்கிய சகிச்சி டொயோடா தறி செய்தவர். நூல் அறுந்த கணமே தானாக நின்றுவிடும் தறி அவருடையது. 1929-இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோளாறான துணியை நெய்துகொண்டே போவதைவிட நிற்பதே மேல் என்ற அந்தத் தறியின் நியாயம், பிறகு கார் லைனுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவது விடை 1950-ஆம் வருஷத்தில் இருக்கிறது. டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்ற காலம். ஆட்குறைப்பு அறிவித்ததும் ஸ்டிரைக் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். கார் கம்பெனியைக் கட்டிய கீச்சிரோ டொயோடாவும் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவியை விட்டு இறங்கினார். இனி வேலைக்கு உத்தரவாதம், பதிலுக்கு உழைப்பில் ஒத்துழைப்பு என்ற உறவு அந்தக் காயத்தின் மேல்தான் கட்டப்பட்டது. அதே வருஷம் அதே குடும்பத்தின் ஏஜி டொயோடா அமெரிக்காவுக்குப் போய், ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலையைப் பார்த்துப் படித்துவிட்டு வந்தார்.

ஜப்பானியப் பண்பாடு என்று உலகம் வியந்ததில் பெரும்பங்கு, ஒரு கம்பெனி அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஏற்பாடு. பாதி சரக்கு அமெரிக்காவிலிருந்து போனது. ஹாஃப்ஸ்டேட்டைக் குறை சொல்லவும் முடியாது. நாட்டின் சராசரியைத் தனிமனிதர் தலையில் கட்டாதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையைத் தாண்டிக் குதித்து அட்டவணையை மட்டும் படித்தது, அதைக் கையில் எடுத்தவர்கள்தான்.

மூன்று வாரம் முடிந்து விடைபெறும் விருந்தில், முரடர்கள் என்று பெயர் வாங்கிய ஃப்ரீமான்ட் ஆட்கள் அழுதார்கள். ஊர் திரும்பினார்கள். தக்கவோக்காவில் கயிறு இழுப்பது ஒரு விஷயம். லைனை நிறுத்தினால் வேலை போன அதே கட்டடத்தில் இழுப்பது?

*

1984 டிசம்பர். ஃப்ரீமான்ட்டின் புதிய லைனில் ஷெவர்லே நோவா கார்கள் வரத் தொடங்கின. நம்மி என்று எல்லோரும் கூப்பிட்ட புதுக் கம்பெனிக்குத் தலைவர், கீச்சிரோவின் மகன் தத்சுரோ டொயோடா. அதிகாரிகளுக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது. தனி பார்க்கிங் கிடையாது. எல்லோர் தலைக்கு மேலும் கயிறு தொங்கியது.

யாரும் இழுக்கவில்லை.

தொழிலாளர்கள் பின்னாளில் சொல்லிவந்த சம்பவம் இது. தத்சுரோ லைனைச் சுற்றி வருகிறார். ஒருவர் பின்பக்க விளக்கைப் பொருத்தத் திணறிக்கொண்டிருக்கிறார். கயிற்றை இழுங்கள் என்கிறார் தலைவர். நானே சரிசெய்துவிடுகிறேன் என்கிறார் தொழிலாளி. தலைவர் அவர் கையைப் பிடித்துக் கயிறுவரை கொண்டுபோகிறார். இருவரும் சேர்ந்து இழுக்கிறார்கள். லைன் நிற்கிறது. பிறகு தலைவர் தொழிலாளி முன் குனிந்து மன்னிப்புக் கேட்கிறார்: கயிற்றின் அருமையை மேலாளர்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை, தவறு என்னுடையது என்று.

அதற்குப் பிறகு கயிறு ஓயவில்லை.

1986 முடிவதற்குள், ஒரு காருக்குச் செலவாகும் உழைப்பு பழைய ஃப்ரீமான்ட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. தரத்தில் ஜி.எம். தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் முந்தியது. ஐந்தில் ஒருவர் மட்டம் போட்ட இடத்தில், வராதவர்கள் 3, 4 சதவீதம்தான். பிற்பாடு நோவா விற்பனை படுத்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரி ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1950-இன் பாடம் கலிஃபோர்னியாவிலும் கடைப்பிடிக்கப்பட்டது.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய லைனில் நிமிஷத்துக்கு 45 விநாடி கை ஓடியது. புதிய லைனில் 57 விநாடி ஓடியது. மூச்சுவிட நேரமில்லை, இது நெருக்கிப் பிழியும் நிர்வாகம் என்று யூனியனுக்குள்ளேயே எதிரணி கிளம்பியது. ஆனால் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பிப் போகலாமா என்றால், பெரும்பாலோர் தலையாட்டத் தயாராக இல்லை.

ஆக, டொயோட்டா தன் கேள்விக்கு விடை வாங்கிக்கொண்டது. பசிபிக் கடல், மொழி, 91-க்கும் 46-க்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் கயிறு தாண்டிவிட்டது. அடுத்தபடியாகக் கென்டக்கியில் சொந்தத் தொழிற்சாலை கட்டத் துணிந்தது டொயோட்டா.

இப்போது ஜி.எம்.மின் முறை. அதன் சொந்த மேலாளர்கள் சிலர் நம்மியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். டொயோட்டா எதையும் மறைக்கவில்லை. எந்தக் கதவையும் திறந்து காட்டியது. எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னது. அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. சுமார் 550 கிலோமீட்டர் தெற்கே, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேன் நைஸில் ஜி.எம்.முக்கு இன்னொரு தொழிற்சாலை. அதே நாடு, அதே மாநிலம், அதே மொழி, அதே யூனியன். ஹாஃப்ஸ்டேட் அட்டவணைப்படி இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பூஜ்யம்.

ஜி.எம். அங்கேயும் கயிறு கட்டியது. கடலைத் தாண்டிய கயிறு, நெடுஞ்சாலையில் ஒரு பகல் பயணத்தைத் தாண்ட முடியாமல் சிக்கிக்கொண்டது. வேன் நைஸில் அதை நோக்கிப் போன கையைத் தடுத்தது யார்? யூனியனா, ஃபோர்மேனா, டெட்ராய்ட் தலைமையகத்தில் போனஸ் கணக்கு எழுதியவர்களா?

(அடுத்த வாரம்: வேன் நைஸில் என்ன நடந்தது?)