வரைந்து வைத்ததால் எழுந்த நகரம்

போலந்து நாட்டின் தலைநகரம் வார்சா, விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்த அழகிய நகரம். அதைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அரண்மனைச் சதுக்கத்தில்தான் தொடங்குவார்கள். வாருங்கள், நாமும் ஒரு சுற்று நடந்து வருவோம்.

சதுக்கத்தில் உயர்ந்த தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் சிலுவையும் வாளும் ஏந்தி நிற்பவர் மன்னர் மூன்றாம் சிகிஸ்முண்டு. கிராக்கோவிலிருந்து அரசவையை இங்கே கொண்டு வந்தவர் அவரே. 1644-ல் அவருடைய மகன் இச்சின்னத்தை எழுப்பினார். "அடேயப்பா, அவ்வளவு பழசா!" என்று வியக்க வேண்டாம். அரண்மனை ஓரத்தில் உடைந்து கிடக்கும் கற்களைப் பாருங்கள். முன்பு சிலையைத் தாங்கியவை அவைதாம். இப்போதுள்ள தூண் 1949-ல் நிறுத்தியது.

குறுகிய தெரு வழியே நடந்தால் பழைய நகரச் சந்தைச் சதுக்கம் வருகிறது. சுற்றிலும் வண்ண வண்ண வீடுகள். நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி சிலை, நகரத்தின் சின்னம். வீடுகளைப் பார்த்தால் பல நூற்றாண்டுப் பழமை தெரியும். ஆனால் இச்சதுக்கம் முழுவதும் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது 1953-ல்!

காரணம் என்ன? 1939-ல் ஹிட்லரின் படை போலந்தைப் பிடித்தது. 1944 ஆகஸ்டு 1-ஆம் நாள் வார்சா மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியவர்களைத் துரத்திவிட்டு, ஜெர்மானியர் தெருத் தெருவாகத் தீ வைத்தனர். வெடி வைத்துத் தகர்த்தனர். நகரில் நூற்றுக்கு 85 பங்கு அழிந்தது.

பிறகு எப்படித்தான் கட்டினாங்க? 18-ஆம் நூற்றாண்டில் பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் மன்னருக்காக வார்சாவின் தெருக்களை நுணுக்கமாக வரைந்திருந்தார். அந்த ஓவியங்கள் கைகொடுத்தன. ஆனால் ஓவியம் மட்டும் போதுமா? ஒரு சன்னலின் அகலம் எத்தனை, ஒரு வாசலின் உயரம் எத்தனை என்று தெரிய வேண்டாமா? கட்டடக் கலை ஆசிரியர்களும் மாணவர்களும் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அவ்வரைபடங்களை நகரத்துக்கு வெளியே கடத்திச் சென்று ஒரு மடாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றினார்கள். அந்த அளவுகளை வைத்துத்தான், இடிபாடுகளில் பொறுக்கிய செங்கற்களையும் சேர்த்து, வீடுகளை எழுப்பினார்கள். 1971-ல் முடிவு செய்து, பொதுமக்கள் கொடுத்த நன்கொடையால் அரண்மனையையும் கட்டினார்கள். 1980-ல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

கல்லை மீட்கலாம். மனிதரை? பழைய நகருக்கு மேற்கே, 1940-ல் நாலு லட்சத்துக்கும் அதிகமான யூதர்களை மதிலுக்குள் அடைத்தார்கள். 1942-ல் அவர்களில் பெரும்பாலோரை ரயிலேற்றி, திரெபிளிங்கா முகாமில் கொன்றார்கள். அம்மதிலுக்குள் ரிங்கல்புளூம் என்ற வரலாற்றாசிரியர் தோழர்களுடன் கூடி ரகசியமாக ஒரு வேலை செய்தார். நாட்குறிப்பு, கடிதம், பிள்ளைகள் எழுதிய கட்டுரை, டிராம் வண்டி டிக்கட்டு, மிட்டாய்த் தாள் கூட விடாமல் சேர்த்தார். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். எங்கே தெரியுமா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடியில்! 1944-ல் ரிங்கல்புளூமும் கொல்லப்பட்டார். பெட்டிகள் 1946-லும், பால் கேன்கள் 1950-லும் தோண்டி எடுக்கப்பட்டன. ஊமையாக்க நினைத்த மக்களின் குரல் இன்றும் பேசுகிறது.

மாணவச் செல்வங்களே! அளந்து வரைந்தவர்களில் உங்களைப் போலப் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. தோட்டத்து லயமும் கோயிலும் பழைய பள்ளியும் எப்படி இருந்தன என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். கேட்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். பெற்றோர்களே, அந்த நோட்டைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.