மின் பட்டியலில் ஒளிந்திருக்கும் நட்டம்: வலுக் காரணி குறைந்தால் எங்கே தேடுவது?

கிளிநொச்சி மாவட்டத்தில் அரிசி ஆலை நடத்தும் அக்கா ஒருவர் கடந்த பெரும்போக அறுவடைக் காலத்தில் என்னை அழைத்திருந்தார். இறுதிப் போரில் எல்லாவற்றையும் இழந்து, மீள்குடியேறிய பின்னர் வங்கிக் கடனில் ஆலையைத் தொடங்கியவர். அவரது மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மின் பட்டியல். மற்றது, புதிய கொள்ளளவிப் பெட்டி ஒன்றுக்கான விலைமனு.

"தம்பி, பவர் பெக்டர் சரியில்லையாம். இதைப் பூட்டினால் பில் குறையுமாம். இன்னொரு லோன் எடுப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

"இப்ப கையெழுத்து வைக்காதேங்கோ அக்கா. முதல் அளந்து பாப்பம்" என்றேன்.

எனக்குத் தொழில் பழக்கிய மாமா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். போரினால் 1990இல் அது மூடப்பட்டது. பெரிய மோட்டர்களோடு பழகி, அந்த அறிவை அடுத்தவருக்குக் கையளிக்கும் இடமும் அதோடு போய்விட்டது. என் வயதுக்காரர் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள். போர் முடிந்த பின்னர் தேசிய மின்வலையமைப்பு மீண்டும் வடக்கை எட்டியது; ஆலைகளும் வந்தன. ஆனால் அவற்றில் என்ன பழுது என்று கண்டறியத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் விற்க வருபவர் சொல்வதே முடிவாகிவிடுகிறது. நான் இதை எழுதுவது அதற்காகவே.

வலுக் காரணி என்றால் என்ன?

வவுனியாவுக்குப் போகும் பேருந்து ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் பற்றுச்சீட்டு எடுக்காமல் ஏறி, அங்கே இறங்காமலே திரும்பி வருகிறார்கள். அவர்களால் வருமானம் இல்லை. ஆனால் இருக்கை நிறைந்துவிடுகிறது. மோட்டருக்குள் காந்தப் புலத்தை உண்டாக்கும் மின்னோட்டமும் அப்படித்தான். அது வேலை எதையும் செய்வதில்லை. ஆனால் வடத்தையும் மின்மாற்றியையும் நிரப்புகிறது. வேலை செய்யும் வலு கிலோவாற்றில் அளக்கப்படும். மொத்தச் சுமை கே.வி.ஏ.யில் அளக்கப்படும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே வலுக் காரணி.

100 கிலோவாற் வேலை செய்யும் ஆலையின் வலுக் காரணி 0.70 என்றால், அது இழுப்பது 143 கே.வி.ஏ. 400 வோல்ற் மும்முனை இணைப்பில் அது ஏறத்தாழ 206 அம்பியர். வலுக் காரணியை 0.95 ஆக்கினால் 105 கே.வி.ஏ., 152 அம்பியர் போதும்.

எமது நாட்டில் 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட தொழிற்சாலை இணைப்புகளுக்கு அலகுகளுக்கான கட்டணத்துடன், மாதத்தின் உச்சக் கே.வி.ஏ.க்கும் தனிக் கட்டணம் உண்டு. மேலே சொன்ன 38 கே.வி.ஏ. வேறுபாட்டை உங்கள் பட்டியலில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் வீணாகும் பணம் அதுதான்.

அலகுகளின் எண்ணிக்கை பாதியாகும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். வடங்களில் வெப்பமாகும் சிறு இழப்பு மட்டுமே குறையும். வீடுகளுக்கு அலகுகளின்படியே கட்டணம் என்பதால், சுவரில் செருகும் 'மின்சேமிப்பான்' பெட்டிகளால் பயனில்லை.

முதலில் பட்டியல்

பன்னிரண்டு மாதப் பட்டியல்களை வரிசையாக வைத்து, அலகுகளையும் உச்சக் கே.வி.ஏ.யையும் அருகருகே எழுதுங்கள்.

இரண்டும் சேர்ந்து கூடியிருந்தால் ஆலையின் வேலை கூடியிருக்கிறது. அலகுகள் மாறாமல் கே.வி.ஏ. மட்டும் ஒரு மாதத்தில் திடீரென ஏறி அப்படியே நின்றால், கொள்ளளவிப் பெட்டியில் ஏதோ நின்றுபோயிருக்கிறது. மெதுமெதுவாக ஏறினால் கொள்ளளவிகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கின்றன. ஒரு மாதம் மட்டும் ஏறி இறங்கியிருந்தால், பல இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடியிருக்கலாம். அதற்கு மருந்து கொள்ளளவி அல்ல, வேலை நேரத்தைப் பிரிப்பது.

பிறகு அளவீடு

பிரதான இணைப்பில் மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்: முழுச் சுமை, அரைச் சுமை, ஆலை ஓடாத நேரம். முழுச் சுமையில் நல்ல எண் வந்தாலும், இரவில் நிரந்தரமாக இணைந்திருக்கும் கொள்ளளவிகள் வலுக் காரணியை மறுபக்கம் தள்ளி வோல்ற்றளவை உயர்த்தக்கூடும்.

அடுத்தது கொள்ளளவிகள். 400 வோல்ற்றுக்குரிய 25 கே.வி.ஏ.ஆர். கொள்ளளவி ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ 36 அம்பியர் எடுக்க வேண்டும். கிளாம்ப் மீற்றரால் பாருங்கள். ஒரு முனையில் பூச்சியம் என்றால் பெரும்பாலும் உருகி போயிருக்கும். மூன்றிலும் குறைவு என்றால் கொள்ளளவி தேய்ந்துவிட்டது. ஆனால் பெயர்த்தகட்டை முதலில் வாசியுங்கள். 440 வோல்ற்றுக்கு உரியது என்றால் 400 வோல்ற்றில் அது 25க்குப் பதிலாக 21 அளவே தரும், அது பழுதல்ல.

36க்கு மாறாக மிகக் கூடுதலாக, 45 அம்பியரைத் தாண்டி எடுத்தால் எச்சரிக்கை தேவை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மின்தூண்டல் உலைகளும் மின்னலையின் வடிவத்தைக் குலைக்கின்றன. அந்த இடத்தில் வெறும் கொள்ளளவியைக் கூட்டினால் ஒத்திசைவு ஏற்பட்டு அது வீங்கும், வெடிக்கவும் கூடும். அங்கே தேவைப்படுவது தடுப்புச் சுருளுடன் கூடிய கொள்ளளவி.

மூன்றாவது மோட்டர்கள். முழுச் சுமையில் 0.85 காட்டும் மோட்டர், கால்வாசிச் சுமையில் 0.5 அளவுக்கு இறங்கிவிடும். 15 கிலோவாற் போதுமான இடத்தில் கிடைத்ததற்காக 37 கிலோவாற் மோட்டரைப் பூட்டிய ஆலைகள் எம்மிடையே பல. போர்க்காலத்தில் புதிய மோட்டர் கிடைக்காமல் பழையதையே திரும்பத் திரும்பச் சுற்றி ஓட்டினோம். பழைய சுருளை அதிக நெருப்பில் எரித்து எடுக்கும்போது இரும்பு மையம் கெட்டுவிடும். பின்னர் சுமையில்லாமலே அதிக மின்னோட்டம் இழுக்கும். பட்டியைக் கழற்றி வெறுமையாக ஓடவிட்டு அளந்தால் தெரிந்துவிடும்.

கவனிக்கப்படாத சிறு வளையம்

தானியங்கிப் பெட்டியின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரு மின்னோட்ட மாற்றி வளையம்தான் கண். அது சுமைக்கும் கொள்ளளவிக்கும் முன்னால், பிரதான வடத்தில், கருவிக்குரிய முனையில், சரியான திசையில் இருக்க வேண்டும். முனை மாறினால், கருவி தேவைக்கு மேல் கொள்ளளவி இருப்பதாக நினைத்து எல்லாவற்றையும் கழற்றிவிடலாம்.

அக்காவின் ஆலையில் நடந்தது அதுவே. உச்சக் கே.வி.ஏ. ஏறிய மாதத்தைப் பட்டியலில் காட்டியபோது, "அந்த மாசம்தான் மெயின் வயர் மாத்தினது" என்றார். வடத்தை மாற்றியவர் வளையத்தை அடுத்த முனையில் போட்டுவிட்டார். பெட்டியில் 25 கே.வி.ஏ.ஆர். கொள்ளளவிகள் மூன்று இருந்தன. மூன்றும் இணையாமலே கிடந்தன. அவற்றில் ஒன்று வீங்கியும் இருந்தது. வளையத்தை உரிய இடத்துக்கு மாற்றி, வீங்கியதை மட்டும் புதிதாகப் போட்டோம். 143 காட்டிய இடத்தில் 104 காட்டியது.

உயிர் முக்கியம்

மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவி உயிரைப் பறிக்கும் அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கும். ஐந்து நிமிடமாவது பொறுத்து, முனைகளுக்கிடையே மீற்றரால் அளந்து, பூச்சியம் என்று கண்ட பின்னரே தொட வேண்டும். உள்ளிருக்கும் வெளியேற்றத் தடை பழுதாகியிருந்தால் காத்திருந்தாலும் இறங்காது. மின்னோட்ட மாற்றியின் வயரை மின் ஓடும்போது கழற்றக் கூடாது. திறந்த முனைகளில் ஆபத்தான வோல்ற்றளவு எழும். பெட்டியைத் திறக்கும் வேலையைத் தகுதி பெற்ற மின்னியலாளரிடமே விடுங்கள். பட்டியல்களை ஒப்பிடுவதை நீங்களே செய்யலாம்.

அக்கா அந்த விலைமனுவை எறியவில்லை. அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு மாதமும் வரும் கே.வி.ஏ.யை எழுதி வருகிறார்.