கோதை, கோதா: ஒரு திருநாமமும் அதன் உச்சாரணமும்

திருப்பூரை அடுத்த மண்ணரையில் பனியன் தொழில் செய்யும் குடும்பங்களில் அண்மைக் காலமாகச் சில பெண்மகவுகளுக்கு ஆண்டாளின் திருநாமம் இடப்படுகிறது. மகிழத்தக்கதே. ஆயின் அது ‘ஆண்டாள்’ என்றோ ‘கோதை’ என்றோ அமையாமல் ‘கோதா’ என்று அமைகிறது. பிறப்புச் சான்றிதழில் ஆங்கில எழுத்திலும் பெயர் பதிய வேண்டியிருப்பதால், எவ்வாறு எழுதுவது என்று அடியேனிடம் கேட்க வருவோரும் உளர். எழுத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும் இது உச்சாரணத்தைப் பற்றியது. உச்சாரணம் பிறழ்ந்தால் இங்கே பொருளே வேறாகிவிடும்.

முதலில் தமிழ் வடிவம். கோத்தல் என்னும் வினையை ஒட்டியது கோதை. மாலை என்பது பொருள். மாலை அணிந்தவளுக்கும் அது ஆகுபெயராயிற்று. பண்டைக் காலத்தில் இது மகளிர்க்கே உரிய பெயரன்று. சேர மன்னர் பூண்ட பெயர். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவி மறைந்தபோது பாடியது புறநானூற்றில் 245ஆம் பாட்டாக உள்ளது. மாக்கோதை, குட்டுவன்கோதை என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த வெள்ளிக் காசுகள் கரூரில் கிடைத்துள்ளன. திருப்பூரைக் கடந்து ஓடும் நொய்யல் அந்தக் கரூர்ச் சீமையிலேதான் காவிரியோடு கலக்கிறது. ஆகவே கொங்கு நாட்டார்க்கு இது புதுப் பெயரன்று, மறந்த பெயர். மலையாள நாட்டில் ‘கோத’ என்பது பெண்பெயராகவே நெடுநாள் வழங்கியது.

நாச்சியார் தம் பதிகங்களின் முத்திரைப் பாசுரங்களில், தந்தையார் திருநாமத்தோடு சேர்த்துத் தம்மைக் கோதை என்றே கூறிக்கொள்கிறார். ‘ஆண்டாள்’ என்பது அடியார் வழங்கிய திருநாமம். உய்யக்கொண்டார் அருளிய தமிழ்த் தனியனில் அது வருகிறது. ஆசார்யர்களின் திருமாளிகைகளில் இதுவே பெரிதும் வேரூன்றியது. கூரத்தாழ்வானின் தேவியாரும் ஆண்டாளே. கோதை என்று தனித்து அழைப்பது அருகி, ‘கோதைநாயகி’ போன்ற தொடர்ப்பெயராகவே பல வீடுகளில் எஞ்சியது. ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாளை (1901–1960) வாசகர் பலரும் அறிவர்.

இனி வடமொழி வடிவம். கூரத்தாழ்வானின் குமாரர் பராசர பட்டர் அருளிய திருப்பாவைத் தனியனிலேயே ‘கோ³தா³’ என்பது நிலைபெற்றுவிட்டது. தமிழில் சொல்லின் நடுவே தனித்து நிற்கும் தகரம் மெலிந்து ஒலிப்பதால் அது வடமொழியில் த³ ஆனது இயல்பே. முதலெழுத்தின் கதை வேறு. தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் ககரம் வல்லோசையே. அதை க³ ஆக்கியது, கேட்ட ஒலியைக் காட்டிலும் பொருளை நாடியே என்பது அடியேன் துணிபு. ‘கோ³’ வாக்கு, அதைத் தருபவள் கோ³தா³ என்று பெரியோர் விரிப்பர். கோதாவரிக்கும் அதுவே பெயர். 29 சுலோகங்கள் கொண்ட கோதாஸ்துதியில் தேசிகன் துங்கபத்ரா, ஸரஸ்வதீ, நர்மதா ஆகிய நதிகளின் பெயர்களோடு இதனையும் ஒரே சுலோகத்தில் தொடுத்துச் சிலேடை செய்கிறார். ஆகையால் கோ³தா³ என்பது பிழையான வடிவமன்று. அதற்கென்று ஓர் ஒலி உண்டு, அவ்வளவே.

அந்த ஒலியைத்தான் ஆங்கில எழுத்து கெடுக்கிறது. ‘ஜி, ஓ, டி, ஏ’ என்று எழுதினால் டகரமாகப் படிக்கிறார்கள். திருப்பூரில் வேலை செய்யும் வடநாட்டார் காதில் அது குதிரையைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லுக்கு அண்மையில் போய் நிற்கும். இதற்கு அஞ்சி நடுவே ஒரு ‘எச்’ சேர்ப்பவர் பலர். அது இன்னும் கேடு. ‘எச்’ சேர்ந்தால் வடமொழி அறிந்தவர் த⁴ என்றே படிப்பர். கோ³தா⁴ என்பது உடும்பு! நாணின் அடி படாதபடி வில்லாளி கையில் கட்டும் தோலுக்கும் அதுவே பெயர். சூடிக்கொடுத்தவளை நினைந்து இட்ட பெயர், ஓர் எழுத்தால் உடும்பாகிவிடுவதைப் பொறுத்துக்கொள்ள அடியேனால் இயலவில்லை.

ஆதலின் கேட்பவர்க்கு அடியேன் சொல்வது: கோதை என்றே இடுங்கள். ஆங்கிலத்தில் ‘கே’ கொண்டு தொடங்கி, தகரத்துக்கு நம் நாட்டு வழக்கப்படி ‘டி, எச்’ இட்டு, ஈற்றில் ‘ஏ, ஐ’ எழுதினால் தமிழர் எவரும் பிழையின்றிப் படிப்பர். ‘கூப்பிடும்போது கோதா என்றுதானே வருகிறது’ என்று ஓர் இளந்தாய் கேட்டார். ஐகார ஈற்றுப் பெயர் விளியில் ‘ஆய்’ ஆகும். தங்கை ‘தங்காய்’ ஆவது போல. குழந்தையைக் ‘கோதாய்’ என்று அழைக்கலாம்.