இராயபுரமும் இன்சுலின் ஊசியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

“இன்சுலின் போடத் தொடங்கிவிட்டால் அது கடைசிக் கட்டம்” என்னும் பேச்சைத் தொழுகைக்குப் பின் அமர்ந்திருக்கும் பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன். இவ்வச்சத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டுக் கண்ணொளியையும் காலையும் இழந்தோர் உண்டு. ஆனால் அம்மருந்தின் வரலாறோ முடிவின் வரலாறன்று. உயிர் மீண்ட வரலாறு.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்திய முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய மருந்து ஜனவரி 23 அன்று செலுத்தப்பட்டதும் சர்க்கரை இறங்கியது. மரணத்தின் வாசலில் கிடந்த அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நம் வடசென்னைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1948-இல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினார். நம் அண்டைத் தெருவில் அது இன்றும் இயங்குகிறது.

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் உணவைப் போலச் செரித்துவிடும். எனவேதான் ஊசி தேவைப்படுகிறது. என் பாட்டனார் கண்ணாடி ஊசிக்குழலை வெந்நீரில் கொதிக்கவைத்ததைச் சிறுவயதில் கண்டிருக்கிறேன். அவருடைய ஊசி தடித்தது, வலி மிகுந்தது. பின்னர் ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய ஊசியும், 1985-இல் பேனா வடிவ ஊசியும் வந்தன. அன்றைய வேதனையை எண்ணி இன்று அஞ்சுவது பொருத்தமன்று.

மற்றொரு தயக்கம் மார்க்கம் சார்ந்தது. முற்காலத்தில் இம்மருந்து மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்து எடுக்கப்பட்டது. உயிர் காக்க வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் அனுமதியாகும் என்பது நம் ஃபிக்ஹு சட்டவிதி. 1978-இல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கினர். 1982-இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது இவ்வகையே. ஆகவே அவ்வையத்தால் மருந்தைக் கைவிட வேண்டியதில்லை.

கவனம் வேண்டிய இடம் வேறு. நம் நாட்டுக் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனா மருந்தில் பொதுவாக 100 யூனிட். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசிக்குழலில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேர்ந்து, சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். குப்பியிலும் ஊசியிலும் உள்ள எண் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

ரமளானில் தாமாகவே ஊசியை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் தவறு. நோன்பு வருமுன்னரே மருத்துவரிடம் ஸஹர், இஃப்தார் நேர அளவுகளைக் கேட்டறியுங்கள். தோலுக்கடியில் போடும் இவ்வூசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு. சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் கண்டால் நோன்பை விட்டுவிட மார்க்கம் சலுகை தந்துள்ளது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.